குரங்கணி – டாப் ஸ்டேஷன் மலைப்பாதை

குரங்கணி – டாப் ஸ்டேஷன் மலைப்பாதை என்பது தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் உள்ள பழைய ஒற்றையடிப் பாதை. அடிவாரத்தில் உள்ள குரங்கணி சிற்றூரில் தொடங்கி, சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாக, மூணாறு தேயிலைத் தோட்டங்களின் எல்லையில் உள்ள டாப் ஸ்டேஷனில் முடிகிறது. இதன் நீளம் சுமார் 12 கிலோமீட்டர். அந்தத் தொலைவுக்குள் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் ஏற வேண்டும். தோட்டச் சுமைகள் இறங்குவதற்காகப் பயன்பட்ட இத்தடம் பிற்காலத்தில் மலையேற்றப் பாதையாக அறியப்பட்டது. செங்குத்தான இறக்கம் என்பதால் மலை மிதிவண்டி ஓட்டுநர்களின் கவனத்தையும் ஈர்க்கக்கூடியது. 2018 மார்ச்சில் இதே மலைத்தொகுதியில் நடந்த காட்டுத்தீயில் 23 பேர் உயிரிழந்தபின் இங்குள்ள பாதைகள் யாவும் கடும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன.

அமைவிடம்

போடிநாயக்கனூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில், மூன்று பக்கமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்த நகரம். ஏலக்காய் வணிகத்திற்குப் பெயர் பெற்றது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இங்கும் இடுக்கி மாவட்டத்தின் புற்றடியிலும் நடைபெறுகிறது. நகரத்திலிருந்து மேற்கே இரண்டு வழிகள் மலைக்குச் செல்கின்றன. முதலாவது முந்தல் வழியாகப் போடிமெட்டுக்கு ஏறும் தேசிய நெடுஞ்சாலை 85. இது 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. மலைமுகட்டைக் கடக்கும் இடத்தை இப்பகுதியினர் மெட்டு என்பர். போடிமெட்டு, கம்பம்மெட்டு என்னும் ஊர்ப்பெயர்கள் அவ்வாறு அமைந்தவை. இரண்டாவது, கொட்டகுடி ஆற்றின் கரையை ஒட்டிக் குரங்கணிக்குச் செல்லும் சாலை. பேருந்து செல்லும் தார்ச்சாலை குரங்கணியுடன் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் உள்ளது நடைபாதைதான்.

டாப் ஸ்டேஷன் 1,700 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. மூணாறிலிருந்து வாகனத்தில் எளிதில் செல்ல முடிவதால் அதைக் கேரளத்தின் பகுதி என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் அது தேனி மாவட்டத்தின் கொட்டகுடி ஊராட்சியைச் சேர்ந்தது. ஒரே ஊராட்சிக்குள் இருந்தும் குரங்கணியிலிருந்து வாகனத்தில் டாப் ஸ்டேஷன் செல்ல வேண்டுமானால் போடிமெட்டு ஏறி, மூணாறு சென்று, மீண்டும் கிழக்கே திரும்பி வர வேண்டும். இந்த நெடுஞ்சுற்றைத் தவிர்ப்பதற்காகவே மலைக் குடியிருப்புகளைச் சேர்ந்தோர் இன்றும் நடைபாதையைப் பயன்படுத்துகின்றனர். குரங்கணி – டாப் ஸ்டேஷன் சாலை வேண்டும் என்பது அவர்களுடைய நெடுங்காலக் கோரிக்கை.

பெயர்

டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன், பாட்டம் ஸ்டேஷன் என்ற மூன்று பெயர்களும் ரயில் நிலையங்களைக் குறித்தவை அல்ல. மலைமேலிருந்து தேயிலைப் பெட்டிகளை இறக்கிய ரோப்வே எனப்படும் கம்பிவடப் பாதையின் மேல், நடு, கீழ் நிலையங்களே இப்பெயர்களைப் பெற்றன. கம்பிவடம் மறைந்தபின்னும் பெயர்கள் நிலைத்துவிட்டன. சென்ட்ரல் ஸ்டேஷன் இன்று ஒரு மலைக் குடியிருப்பின் பெயராகவே வழங்குகிறது.

வரலாறு

மலையின் இரு பக்கங்களுக்கும் இடையிலான நடைவழிகள் தோட்டங்களைவிடப் பழமையானவை. இம்மலைகளில் வாழும் முதுவர் பழங்குடியினர் தம் முன்னோர் மதுரைப் பகுதியிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று கூறும் வாய்மொழி மரபைக் கொண்டவர்கள். குரங்கணியை அடுத்த முதுவாக்குடி அவர்களுடைய குடியிருப்புகளில் ஒன்று.

1877ஆம் ஆண்டு ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். அதன்பின் மூணாறு பகுதியில் தோட்டங்கள் பெருகின. 1897இல் கண்ணன் தேவன் மலை உற்பத்திக் கம்பெனி உருவானது. மேற்கே கொச்சிப் பக்கம் செல்லும் வழிகள் அடர்ந்த காடும் பெருமழையும் நிறைந்தவை. கிழக்கே போடிப் பள்ளத்தாக்கு செங்குத்தாக இருந்தாலும் அருகில் இருந்தது. ஆகவே தேயிலை கிழக்கு நோக்கி இறங்கியது.

1902இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை வண்டிப்பாதை வெட்டப்பட்டது. அதில் காளைகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி இயங்கியது. 1908இல் அதற்கு மாற்றாக 610 மில்லிமீட்டர் அகலமுடைய குண்டலை பள்ளத்தாக்கு ரயில்பாதை அமைந்தது. டாப் ஸ்டேஷன் வந்து சேர்ந்த பெட்டிகள் அங்கிருந்து சுமார் 5 கிலோமீட்டர் நீளமுள்ள கம்பிவடத்தில் பாட்டம் ஸ்டேஷனுக்கு இறங்கின. பிறகு மாட்டுவண்டிகளில் போடிக்கும், போடியிலிருந்து சமவெளிக்கும் சென்றன. அரிசி முதலிய உணவுப் பொருட்கள் எதிர்த்திசையில் மலையேறின.

1924 ஜூலையில் பெய்த பெருமழை மூணாற்றை அழித்தது. குண்டலை ரயில்பாதை அடித்துச் செல்லப்பட்டு, மீண்டும் அமைக்கப்படவே இல்லை. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தபோது, டாப் ஸ்டேஷனுக்குச் சரக்கு கொண்டுவந்த மலை ரயில் இல்லாமற்போய் 4 ஆண்டுகள் ஆகியிருந்தன. பின்னர் மலைச்சாலைகளும் லாரிகளும் வந்தன. கம்பிவடம் கைவிடப்பட்டது. அதன் எச்சங்களை டாப் ஸ்டேஷனில் காணலாம். மதுரை – போடி ரயில்பாதையும் அகலப்பாதையாக்கும் பணிக்காக 2010ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டு, 2023 ஜூன் 15 அன்றுதான் போடிக்கு மீண்டும் ரயில் வந்தது.

கம்பிவடம் போனாலும் சுமை போகவில்லை. சாலையில்லாத குடியிருப்புகளுக்கு அரிசியும் உப்பும் கழுதைகள், கோவேறு கழுதைகள், குதிரைகள் மீது ஏறின. காபியும் ஏலக்காயும் இறங்கின. போடி மலைகளில் தேர்தல் காலத்தில் வாக்குப்பதிவுப் பொருட்கள் குதிரைகள் மீது செல்வதும், நோயாளிகள் டோலி கட்டித் தூக்கி வரப்படுவதும் இப்பாதைகளில்தான். எழுத்தாளர் எஸ். செந்தில்குமாரின் ‘கழுதைப்பாதை’ நாவல் போடி மலையின் இத்தகைய பொதிப் பாதைகளைக் களமாகக் கொண்டது.

பாதையின் தன்மை

குரங்கணியை ஒட்டிய கீழ்ச்சரிவில் மாந்தோப்புகளும் இலவ மரங்களும் உள்ளன. சற்று மேலே நிழல்மரங்களின் கீழ் காபி. அதற்கு மேல் பாறைகளும் ஆளுயரம் வளரும் புல்லும் நிறைந்த திறந்த சரிவுகள். ஈரப்பதம் மிகுந்த மடிப்புகளில் சோலைக் காடுகளும், முகட்டை ஒட்டித் தேயிலையும் காணப்படுகின்றன. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி இம்மலைகளுக்கு உரியது. 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் அது பூத்தது.

12 கிலோமீட்டரில் 1,000 மீட்டர் என்றால் சராசரிச் சரிவு 8 விழுக்காட்டுக்குச் சற்று அதிகம். எண்ணிக்கையில் இது கடுமையாகத் தோன்றாது. ஆனால் பாதை சீராக ஏறுவதில்லை. சமமான இடங்களும் உண்டு, படிக்கட்டுபோல் பாறைமேல் ஏறும் இடங்களும் உண்டு. சராசரி என்பது இவ்விரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டது. நேராக இறங்கிய கம்பிவடத்தின் 5 கிலோமீட்டரை வைத்துப் பார்த்தால் மலையின் உண்மையான சரிவு சுமார் 20 விழுக்காடு என்பது தெரியும். மனிதரும் விலங்கும் ஏறுவதற்காகப் பாதை வளைந்து வளைந்து நீண்டிருக்கிறது.

பாதையின் அரிப்பும் இதனுடன் தொடர்புடையது. சரிவுக்குக் குறுக்கே செல்லும் பாதையில் விழும் மழைநீர் பாதையைக் கடந்து கீழே போய்விடும். சரிவு விழும் திசையிலேயே செல்லும் பாதையில் நீர் பாதையையே ஓடையாக்கிக்கொள்ளும். மண் கரைந்து, தளர்ந்த உருளைக் கற்கள் மட்டும் எஞ்சும். இதனால்தான் பாதையின் சரிவு அது அமைந்த மலைச்சரிவின் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது என்பதையும், சராசரி 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பதையும் மலைப்பாதை அமைப்போர் பொது விதியாகக் கொள்கின்றனர். வளைவுகளைத் தவிர்த்து நேராக இறங்கும் குறுக்குவழிகள் இவ்விதியை மீறுகின்றன. ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழையில் அவையே முதலில் அறுபடுகின்றன.

மலை மிதிவண்டி ஓட்டம்

கைவிடப்பட்ட மலைப்பாதைகளில் மிதிவண்டி இறக்கும் வழக்கம் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மரின் வட்டாரத்தில் உருவானது. 1976 அக்டோபரில் அங்கு முதன்முறையாக ‘ரீபேக்’ என்ற பந்தயம் நடந்தது. 2 மைலுக்கும் குறைவான தொலைவில் 1,300 அடி இறங்கும் மண்பாதை அது. பழைய வண்டிகளின் பின்சக்கர பிரேக்கில் இருந்த கிரீஸ் ஒரே இறக்கத்தில் ஆவியாகிவிடும். ஒவ்வொரு முறையும் புதிய கிரீஸ் நிரப்ப வேண்டியிருந்ததால் பாதைக்கு அப்பெயர் வந்தது. அங்கு தொடங்கிய விளையாட்டு 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்பெற்றது.

குரங்கணிப் பாதை சராசரியில் ரீபேக்கைவிடக் குறைந்த சரிவுடையது. ஆனால் இறங்கும் உயரம் இரண்டு மடங்குக்கும் மேல். பிரேக்கைப் பொறுத்தவரை இதுவே முக்கியம். ஓட்டுநரும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ எனக் கொண்டால், 1,000 மீட்டர் இறங்கும்போது விடுபடும் ஆற்றல் சுமார் 880 கிலோஜூல். அறைவெப்பத்தில் உள்ள 3 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். மெதுவாக இறங்கும்போது அதன் பெரும்பகுதி பிரேக்கில்தான் வெப்பமாகிறது. ரிம்மைப் பிடிக்கும் பழைய வகைப் பிரேக்கில் ரிம் சூடேறி ட்யூப் வெடிக்கலாம். டிஸ்க் பிரேக்கில் கட்டைகள் சூடேறிப் பிடிப்பை இழக்கலாம். ஹைட்ராலிக் வகையில் எண்ணெய் கொதித்தால் லிவர் கைப்பிடிவரை வந்தும் வண்டி நிற்காது. விட்டுவிட்டுப் பிடிப்பதும், அவ்வப்போது நின்று ஆறவிடுவதும் இதற்காகவே கூறப்படுகின்றன.

சரிவு கூடும்போது எடை முன்சக்கரத்தின்மீது சாய்கிறது. பின்சக்கரம் இலேசாகி, பிரேக் பிடித்தால் உருளாமல் வழுக்கும். முன்பிரேக்கைத் திடீரென இறுக்கினால் ஓட்டுநர் கைப்பிடியைத் தாண்டி விழுவார். இருக்கையைத் தாழ்த்தி, உடலைப் பின்னுக்கும் கீழுக்கும் கொண்டுசென்று, இரு பிரேக்குகளையும் இணைத்து மெல்லப் பிடிப்பதே வழக்கமான முறை. பாறைப் படிகளிலும் உருளைக் கற்களிலும் இறங்கித் தள்ளிச் செல்வது தேர்ந்த ஓட்டுநர்களுக்கும் இயல்பானது.

இப்பாதை மிதிவண்டிக்கென அமைக்கப்பட்டதல்ல. வளைவுகளுக்கு அப்பால் பொதி விலங்குகளோ, தலைச்சுமையுடன் வருவோரோ, காட்டு மாடுகளோ இருக்கலாம். பொதி ஏற்றிய விலங்குகளைக் கண்டால் வண்டியை நிறுத்தி, பள்ளத்துப் பக்கம் நிற்காமல் மலைச்சுவர்ப் பக்கமாக ஒதுங்கி நிற்பது மலைப்பாதை ஒழுங்கு. பக்கவாட்டில் துருத்தி நிற்கும் மூட்டை இடித்தால் பள்ளத்துப் பக்கம் நிற்பவர் விழ நேரிடும்.

விபத்து நேர்ந்தால் வாகனம் வந்து சேரும் இடம் குரங்கணி அல்லது டாப் ஸ்டேஷன் மட்டுமே. இடையில் விழுந்தவரைத் தூக்கித்தான் கொண்டுவர வேண்டும். ஏறுபவர் களைத்தால் திரும்பி இறங்கிவிடலாம். மிதிவண்டியில் இறங்குபவரோ சில நிமிடங்களில் உதவியிலிருந்து வெகுதொலைவு சென்றுவிடுகிறார். சிறு காயமும் இங்கு பெரிதாவதற்கு இதுவே காரணம்.

2018 காட்டுத்தீ

2018 மார்ச் 10 அன்று சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்தும் வந்த இரண்டு மலையேற்றக் குழுக்கள் குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறின. டாப் ஸ்டேஷன் பாதைக்குத் தெற்கே, அதைவிட உயரமான முகட்டுக்குச் செல்லும் பாதை அது. இரவு தங்கிவிட்டு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இறங்கும் வழியில், காய்ந்த புற்சரிவில் பரவிய தீயில் அவர்கள் சிக்கினர். குழுக்களில் பெண்கள் பலர் இருந்தனர்.

கீழே தீயைக் கண்டவர்கள் திசைக்கொருவராகச் சிதறினர். சிலர் பள்ளங்களில் விழுந்தனர். முதலில் உதவிக்கு ஓடியவர்கள் அருகில் உள்ள ஊர் மக்களும் தோட்டத் தொழிலாளர்களுமே. வனத்துறை, தீயணைப்புத் துறை, காவல்துறை ஆகியவற்றுடன் இந்திய விமானப்படையின் ஹெலிகாப்டர்களும் கருடா படை வீரர்களும் மீட்பில் ஈடுபட்டனர். செங்குத்தான சரிவும் இருளும் பணியைத் தாமதப்படுத்தின. காயமடைந்தோரை டோலிகளில் சுமந்து இறக்க வேண்டியிருந்தது. அவர்கள் போடி, தேனி, மதுரை மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். சம்பவ இடத்தில் 9 பேர் இறந்தனர். கடுமையான தீக்காயங்களுடன் சிகிச்சை பெற்றவர்கள் அடுத்தடுத்த நாட்களில் இறக்க, எண்ணிக்கை 23 ஆனது.

கொழுக்குமலைப் பாதைக்கு உரிய அனுமதி பெறப்படவில்லை என்று அரசுத் தரப்பில் தெரிவிக்கப்பட்டது. வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறை முதன்மைச் செயலாளர் அதுல்ய மிஸ்ரா விசாரணை அதிகாரியாக நியமிக்கப்பட்டார்.

சரிவும் தீயும்

சமதளத்தில் எரியும் தீயைவிடச் சரிவில் மேல்நோக்கி எரியும் தீ வேகமானது. வெப்பம் மேலெழுந்து, தீக்கு மேலே நிற்கும் புல்லைத் தீ எட்டும் முன்பே உலர்த்திவிடுகிறது. சரிவு ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் தீ பரவும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது காட்டுத்தீ அறிவியலில் வழங்கும் பொதுக் கணக்கு. அவ்வாறானால் 20 பாகைச் சரிவில் தீ நான்கு மடங்கு வேகத்தில் ஏறும். மலையேறும் மனிதர் சரிவு கூடக்கூட வேகம் குறைகிறார். கீழே தீயிருக்கும்போது மேல்நோக்கி ஓடுவது பயனற்றுப்போவது இதனால்தான்.

நீரோடைகள் ஓடும் குறுகிய பள்ளங்கள் புகைபோக்கிபோல் வேலை செய்து தீயை மேலே இழுக்கின்றன. புல் இல்லாத அகன்ற பாறைத்தளம், ஏற்கெனவே எரிந்து அணைந்த நிலம், ஈரமான சோலைக்காடு ஆகியவை ஒப்பீட்டளவில் பாதுகாப்பானவை. உருகி உடலில் ஒட்டும் செயற்கை இழை ஆடைகளைவிடப் பருத்தி ஆடை தீயின் அருகே தீங்கு குறைந்தது. மலை மிதிவண்டி ஓட்டுநர்கள் அணியும் மெல்லிய ஆடைகள் பெரும்பாலும் செயற்கை இழையால் ஆனவை.

மழை நின்று சில வாரங்களில் கிழக்குச் சரிவின் புல் காயத் தொடங்குகிறது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களில் அபாயம் உச்சத்தை அடைகிறது. தரை உலர்ந்து, வானம் தெளிந்து, ஓட்டத்திற்கு மிகவும் உகந்ததாகத் தோன்றும் காலமும் அதுவே. மழைக்காலத்தில் தீ அபாயம் இல்லை. அப்போது வழுக்குப் பாறை, நிலச்சரிவு, ஓடைகளில் திடீர் வெள்ளம், அட்டை ஆகியவை உண்டு.

கட்டுப்பாடுகள்

இப்பாதை செல்லும் நிலத்தின் பெரும்பகுதி வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ள காடு. வனத்துறையின் அனுமதியின்றி நுழைவது குற்றமாகும். 2018 தீ விபத்துக்குப் பின் தமிழ்நாடு அரசு வனப்பகுதிகளில் மலையேற்றத்தை முறைப்படுத்த விதிகளை வெளியிட்டது. முன் அனுமதி, பதிவு, வழிகாட்டி ஆகியவை கட்டாயமாயின. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மலையேற்றத் திட்டம் மாநிலம் முழுவதும் 40 பாதைகளை இணையவழிப் பதிவுடன் திறந்தது. அவற்றுள் குரங்கணியிலிருந்து சாம்பலாறு செல்லும் பாதையும் ஒன்று. உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றுள்ளனர். தீ அபாயக் காலத்தில் மலையேற்றம் நிறுத்தி வைக்கப்படுகிறது.

இவை நடைப்பயணத்திற்கான ஏற்பாடுகள். நடப்பதற்குப் பெற்ற அனுமதியைக் கொண்டு மிதிவண்டியில் செல்ல முடியும் என்று கொள்ளலாகாது. அதற்குத் தேனி வனக்கோட்ட அலுவலகத்தின் தனி ஒப்புதல் தேவை. ஒப்புதல் இன்றிச் செல்பவர் வழக்கைச் சந்திக்க நேரிடுவதுடன், அவர் எங்கிருக்கிறார் என்ற பதிவும் எவரிடமும் இருக்காது. 2018இல் தேடுதல் பணியில் இருந்தவர்கள் எதிர்கொண்ட முதல் கேள்வியே மலையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான். புறப்படுபவர்களின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதும் நடைமுறை அந்தக் கேள்விக்கான விடை.

மாற்று வழிகள்

போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி வரையிலான ஆற்றோரச் சாலை மிதிவண்டிக்கு ஏற்றது. போக்குவரத்து குறைவு, ஏற்றம் படிப்படியானது. முந்தலிலிருந்து போடிமெட்டு ஏறும் மலைச்சாலை நீண்ட ஏற்றப் பயிற்சிக்குப் பொருந்தும். ஆனால் ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் காலையில் மேலேயும் மாலையில் கீழேயும் விரைவதால், அந்நேரங்களில் கொண்டை ஊசி வளைவுகளில் கவனம் தேவை. இவ்விரு சாலைகளிலும் பிரேக் பழுதானால் வண்டியை ஓரங்கட்டிப் பேருந்துக்குக் காத்திருக்க முடியும். குரங்கணிக்கு மேலே உள்ள பாதையில் அந்த வசதி கிடையாது.